ஓபரா நடத்துநர் ஊர் ஜனங்களோடு வேலை செய்வது இறங்குமுகமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். புதியவர்களுக்கு ஒரு வரி: ஓபரா என்றால் கதையைப் பாட்டாகவே பாடி நடிக்கிற மேற்கத்திய இசை நாடகம், நடத்துநர் என்றால் முன்னால் நின்று கையசைத்து இசைக்குழுவையும் பாடகர்களையும் ஒரே தாளத்தில் பிடித்து வைப்பவர். இப்போது கேள்வியை அப்படியே வாசிக்கிறேன். "சார், முன்பு ஒரு வீடியோவில் அல்பேஷ் சவுகானைப் பற்றிப் பேசினீர்கள். பெரிய இசைக்குழுக்களை நடத்துகிற மனிதர், இங்கிலாந்தின் பர்மிங்காமில் பாட்டுப் பயிற்சியே இல்லாத ஊர்க்காரர்களை வைத்து ஓபரா நடத்துகிறார் என்றீர்கள். அது தொழிலில் இறங்குமுகம் இல்லையா? வேறு இடம் கிடைக்காமல் செய்கிறாரா?"

வந்த கேள்விகளில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது இதுதான். தம்பிமேல் கோபம் இல்லை. நம் எல்லோர் மனதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. சென்னை சபாவில் பாடினால் ஏறுமுகம், ஊர்த் திடலில் பாடினால் இறங்குமுகம்.

முதலில் அவர் இடம் கிடைக்காதவர் இல்லை. பர்மிங்காமில் பிறந்து வளர்ந்தவர், இந்திய வம்சாவளி. செல்லோ என்ற பெரிய வயலின் மாதிரி வாத்தியம் வாசித்தவர், மான்செஸ்டரில் ராயல் நார்தர்ன் இசைக் கல்லூரியில் படித்தவர். சொந்த ஊரின் பெரிய சிம்பொனி இசைக்குழுவில் உதவி நடத்துநராக இருந்தார். பிறகு இத்தாலி, ஜெர்மனி என்று வெளியே போனார். பர்மிங்காம் ஓபரா கம்பெனிக்கும் இசை இயக்குநர் ஆனார். 2022இல் பிரிட்டிஷ் அரசு விருதும் வந்தது. இதில் இறக்கம் எங்கே இருக்கிறது?

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தம்பிக்குப் புரியாது. கிரஹாம் விக் என்ற நாடக இயக்குநர் 1987இல் ஆரம்பித்தது. அதற்கென்று ஒரு அரங்கம் கிடையாது. பழைய கிடங்கு, மூடிக் கிடக்கிற தொழிற்சாலை, இப்படிக் கிடைத்த இடத்தில் நாடகம். பார்க்க வருகிறவருக்கு நாற்காலி இல்லை, கதை நகர்கிற பக்கம் அவரும் நடக்க வேண்டும். முக்கியப் பாத்திரங்களுக்கும் வாத்தியங்களுக்கும் தொழில்முறைக் கலைஞர்கள். கோரஸ் என்கிற கூட்டுப் பாடகர்களும் கூட்டமாக நடிப்பவர்களும் ஊர்க்காரர்கள்.

எளிதான நாடகமாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்களோ என்றால், அதுவும் இல்லை. 2012இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனின் ஒரு ஓபராவை முதல்முறையாக முழுதாக அரங்கேற்றினார்கள். அதில் ஒரு காட்சியில் நான்கு கலைஞர்கள் நான்கு ஹெலிகாப்டரில் ஏறிப் பறந்துகொண்டே வாசிக்க வேண்டும். பறக்கவும் விட்டார்கள்! 2019இல் பழைய நடனக்கூடம் ஒன்றில் ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் 'லேடி மக்பெத்'. 1936இல் ஸ்டாலின் போய்ப் பார்த்த பிறகு சோவியத் கட்சியின் பிராவ்தா பத்திரிகை கிழித்துத் தொங்கவிட்டதே, அதே ஓபரா. அதை நடத்தியவர் நம் சவுகான்.

இங்கேதான் நான் எப்போதும் சொல்வதைத் திரும்பச் சொல்கிறேன். பழைய நேயர்கள் சிரிப்பீர்கள், பரவாயில்லை. டிக்கெட் கொடுப்பது வேறு, வேலை கொடுப்பது வேறு. பள்ளிப் பிள்ளைகளை இலவசமாகக் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்காரவைத்துவிட்டு 'மக்களோடு இணைந்தோம்' என்று அறிக்கை எழுதுவார்கள். பிள்ளைகள் தூங்குவார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். சும்மா கண்துடைப்பு வேலை இல்லை, பிசகினால் மொத்த ஆட்டமும் பிசகும் என்கிற மாதிரி வேலை.

அந்த மாதிரி இடத்தில் நடத்துநருக்குத்தான் சோதனை. ஓபரா அரங்கத்தில் அவர் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் நிற்பார், எல்லோரும் அவரைப் பார்த்தபடி இருப்பார்கள். கிடங்கில் அப்படி இல்லை. இசைக்குழு ஒரு கோடியில், கோரஸ் இன்னொரு கோடியில். இடையில் 34 மீட்டர் இருந்தால் சத்தம் போய்ச் சேரப் பத்தில் ஒரு நொடி ஆகும். கேட்டபிறகு இவர்கள் பாடினால் அது திரும்பி வர இன்னொரு பத்தில் ஒரு நொடி. நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு வேகத்தில் ஒரு தட்டே அரை நொடிதான், அப்படியானால் கிட்டத்தட்ட அரைத் தட்டு பின்தங்கிவிடுவார்கள். நம் ஊர்த் திருவிழாவில் பக்கத்துக் குழாயும் தூரத்துக் குழாயும் ஒரே வார்த்தையை முன்னும் பின்னுமாகச் சொல்லுமே, அதுதான்.

அதனால் காதை நம்பாதே, கையைப் பார் என்று பழக்க வேண்டும். நடத்துநரின் கையை அங்கங்கே டிவி திரையில் காட்டுவார்கள். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்வார். பழகிய கலைஞர்களுக்குக் கண்ணசைவு போதும். புதியவருக்கு எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பதைக்கூட உடம்பால் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்து இது கஷ்டமான பக்கம். இதைப் போய் இறங்குமுகம் என்கிறோம்.

இப்படி ஊர்க்காரர்களோடு வேலை செய்த இன்னொரு நடத்துநர் சார்லஸ் மக்கெராஸையும் சொல்லிவிடுகிறேன். 1958இல் இங்கிலாந்தில் ஆர்ஃபோர்ட் என்ற சின்ன ஊரின் தேவாலயத்தில், பைபிளில் வரும் நோவாவின் பேழைக் கதையை வைத்து இசையமைப்பாளர் பென்ஜமின் பிரிட்டன் எழுதிய ஓபரா முதலில் நடந்தது. விலங்குகளாக வந்ததெல்லாம் பிள்ளைகள். மழைத்துளிச் சத்தத்துக்கு டீ குடிக்கிற கப்புகளைக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டினார்கள். பார்க்க வந்தவர்களும் நடுவில் எழுந்து பாட வேண்டும். வேலை, எல்லோருக்கும் வேலை! அதை நடத்தியவர்தான் இந்த மக்கெராஸ். அதற்குப் பிறகுதான் லண்டனில் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவுக்கு இசை இயக்குநர் ஆனார், 1979இல் சர் பட்டம் வந்தது. 1987 முதல் 1992 வரை வெல்ஷ் நேஷனல் ஓபராவுக்கும் அவர்தான்.

அந்த வெல்ஷ் கம்பெனியின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1943இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான இட்லோஸ் ஓவன் இளம்வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கோரஸில் நின்றவர்கள் சுரங்கத் தொழிலாளிகள், கடைகளில் வேலை செய்பவர்கள், ஆசிரியர்கள். பகலில் வேலை, சாயங்காலம் ஒத்திகை. 1970கள் வரை சம்பளம் வாங்காத குரல்கள் அதில் இருந்தன. ஓசூர் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை முடித்து வருகிறவர்களை யாராவது ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்களா?

கூப்பிடுகிறார்கள். அதைத்தான் தம்பி என்னிடம் கேட்டிருக்க வேண்டும். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோவிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும்போது வேடிக்கை மட்டும் பார்க்கிறவர் யார்? பகாசூரன் அன்று பீமன் வண்டியில் ஊர் சுற்றி வருவான், வீட்டுக்கு வீடு சோறு போட வேண்டும். படுகளத்துத் துரியோதனனுக்கு மண் சுமப்பது ஊர்க்காரர்கள். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி எலுமிச்சம்பழம் வீசினால் கீழே மடி ஏந்தி நிற்பது நம் பெண்கள். ராத்திரி முழுக்க ஆட்டத்தை ஒரு தாளத்தில் பிடித்து வைத்திருக்கிற வாத்தியாரும் மிருதங்கக்காரரும் விடிந்ததும் வயலுக்குப் போவார்கள். அவர்களை நாம் நடத்துநர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் கூத்துக்கு ஒதுக்குவது கால் மணி நேரம், அதுவும் சினிமாப் பாட்டு நடனத்துக்கு அப்புறம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் உங்கள் ஊரில் கூத்துக்கு ஊதுகிற சின்ன நாயனமான முகவீணை வாசிப்பவர் இன்னும் இருக்கிறாரா, அவரிடம் யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்று கமெண்டில் எழுதுங்கள். இருந்தால் கேமராவோடு நானே வருகிறேன். சரி, அடுத்த கேள்வி பாலக்கோட்டிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள்...