கடையை மூடுகிறவர் கொடுக்க வேண்டிய பட்டியல்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டனை ஒட்டிய பகுதியில், சிறு கடைகளுக்குக் கணக்கெழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, "கடையை மூடுகிறோம், சரக்கெல்லாம் விற்றுத் தீர வேண்டும்" என்று கண்ணாடிக் கதவில் ஒட்டுகிறார்களே, அந்த அறிவிப்பை ஒட்டுவதற்கு முன் வாங்க வேண்டிய அனுமதியைப் பற்றி என்றேன். அதற்குக்கூட அனுமதி உண்டா என்று வியந்தார்கள். உண்டு. வர்ஜீனியாவில் அந்த விதி இடம்பெற்றிருப்பது வணிகச் சட்டத்தில் அல்ல, குற்றவியல் சட்டத் தொகுப்பில் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

இப்படி ஒரு விதி எதற்கு என்று கேட்பவர்கள் நெடுஞ்சாலை ஓரங்களில் இருக்கும் கம்பளக் கடைகளையும் மரச்சாமான் கடைகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். மூடப் போவதாக அறிவித்த கடை மறு ஆண்டும் அதே அறிவிப்போடு திறந்திருப்பதையும், உள்ளே புதிய கம்பளங்கள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பதையும் நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். மூடுகிற கடையில் விலை கட்டாயம் குறைந்திருக்கும் என்று வாங்குகிறவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் காசாக்குவதுதான் அங்கே நடக்கும் வியாபாரம். இதனால் ஏமாறுகிறவர் வாடிக்கையாளர் மட்டுமல்லர். எதிர்ச்சாரியில் மூடாமல், நியாயமான விலை போட்டு விற்றுக்கொண்டிருக்கும் கடைக்காரரும் நஷ்டப்படுகிறார் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வர்ஜீனியாவில் கடையை மூடும் விற்பனை என்று விளம்பரம் செய்ய வேண்டுமானால், கடை இருக்கும் நகரத்திலோ, மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான கவுண்டியிலோ முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி 60 நாளுக்கு மேல் செல்லாது. அதற்குள் விற்காத சரக்கைத் தீர்ப்பதற்காக இன்னும் ஒரே ஒரு முறை புது அனுமதி வாங்கலாம், அதோடு சரி. அனுமதி எண்ணையும், விற்பனை தொடங்கி முடியும் தேதிகளையும் விளம்பரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விற்கப் போகும் சரக்கின் முழு இருப்புப் பட்டியலை விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் அனுமதியைவிட இந்தப் பட்டியல்தான் முக்கியம் என்பேன். இன்று நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவதும் இது ஒன்றைத்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எனக்குக் கணக்கு கொடுத்து வந்த ஓர் அம்மையார் புடவையும் எவர்சில்வர் பாத்திரமும் விற்று வந்தார். கட்டிட உரிமையாளர் வாடகையைத் தாங்க முடியாத அளவுக்கு உயர்த்தியதால், கடையை மூட முடிவு செய்தார். நானும் அவரும் அவருடைய மருமகளும் உட்கார்ந்து பட்டியல் எழுதினோம். "பாத்திரங்கள், பலவகை" என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். எந்த வகை, எத்தனை என்று எழுத வேண்டும். இரண்டு டம்ளர் குறைந்த பெட்டியைப் பத்து என்றுதான் எழுத வேண்டும், டஜன் என்று எழுதக் கூடாது என்பதில் மருமகள் காட்டிய கண்டிப்பைப் பார்த்து, இவரல்லவா கணக்கர் என்று எனக்கே தோன்றியது.

கவுண்டியிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பட்டியலில் ஆங்காங்கே சில வரிகளைத் தொட்டு, இந்தச் சரக்கைக் காட்டுங்கள் என்றார், காட்டினோம். பிறகு பின்னறையில் பிரிக்காமல் அடுக்கியிருந்த புடவைக் கட்டுகளைக் கண்டு, இவை எப்போது வந்தன என்று கேட்டார். விண்ணப்பத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு வந்தவை. அங்கேதான் சிக்கல். மூடும் விற்பனையைச் சாக்கிட்டு, விண்ணப்பத்துக்கு முன்னதாகவே வழக்கத்துக்கு மாறாகச் சரக்கை வாங்கி நிரப்புவதையும் சட்டம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. அம்மையார் பதறவில்லை. "இது தீபாவளிச் சரக்கு தம்பி, வருஷா வருஷம் இதே நேரத்தில் வருவதுதான்" என்று சொல்லி, முந்தைய ஆண்டுகளின் பில்களை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய அதே அளவு, அதே பருவம். வந்தவர் பில்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார். பில்களைத் தூக்கி எறியாதீர்கள் என்று கடைக்காரர்களிடம் நான் ஓயாமல் சொல்லி வந்ததற்கு அன்று பலன் கிடைத்தது.

கதை இதோடு முடியவில்லை. விளம்பரம் வெளியான உடனேயே ஒரு மொத்த வியாபாரி தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு வேன் நிறையத் துணி அனுப்புகிறேன், உங்கள் சரக்கோடு சேர்த்து வையுங்கள், விற்றதில் ஆளுக்குப் பாதி என்றார். மூடும் கடைக்கு இத்தகைய அழைப்புகள் வருவது வழக்கம்தான். பட்டியலில் இல்லாத ஒரு புடவைகூட என் கடைக்குள் வராது என்று அம்மையார் மறுத்துவிட்டார். பட்டியல் என்ற ஒன்று இல்லாதிருந்தால், கடன் நெருக்கும் அந்த நேரத்தில் மறுப்பது அவ்வளவு எளிதாக இருந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. இந்த விதி வாங்குகிறவரைக் காப்பதாகச் சொல்வார்கள். கடைக்காரருக்கும் அது ஒரு பிடிமானம்.

டெக்ஸாஸில் இதே பட்டியலை வேறொரு வாசலில் கொடுக்க வேண்டும். அங்கே அனுமதி வழங்குகிறவர் சொத்து வரிக்காக மதிப்புப் போடும் தலைமை மதிப்பீட்டாளர். கடைச் சரக்குக்கும் சொத்து வரி உண்டு என்பதால், சரக்கையெல்லாம் விற்றுவிட்டு வரி பாக்கியோடு ஊரைவிட்டுப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடு இது. அவகாசமும் தாராளம், 120 நாள்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். பெருநிறுவனங்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-இல் மின்னணுப் பொருள் விற்ற சர்க்யூட் சிட்டி நிறுவனம் தன் 567 கடைகளையும் மூடியபோதும், 2018-இல் பொம்மை விற்ற டாய்ஸ் ஆர் அஸ் நிறுவனம் மூடியபோதும், வழக்கு நடந்தது வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டிலுள்ள திவால் நீதிமன்றத்தில். இத்தகைய பெரிய திவால் வழக்குகளில், உள்ளூர் அனுமதி விதிகள் விற்பனையைத் தடுக்காது என்று நீதிமன்ற உத்தரவிலேயே எழுதி வாங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வெளிச்சரக்கைக் கொண்டுவந்து சேர்த்து விற்கவும் சில உத்தரவுகள் இடம் தருகின்றன. அம்மையாருக்கு ஒரு வேன் துணி குற்றம். பெரிய நிறுவனத்துக்கு அதுவே உத்தரவு. இது சரியென்று எனக்குப் படவில்லை.

இன்னும் ஒன்று. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகர வியாபாரி ஒருவர் அனுமதி வாங்காமல் முழு விற்பனை என்று விளம்பரம் செய்த வழக்கில், முன் அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தடை செய்ய முடியாது, விளம்பரம் நேர்மையற்றதா என்பதையும் ஆராய வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 ஜனவரியில் கூறியது. அனுமதியைவிடப் பட்டியல்தான் முக்கியம் என்று நான் சொன்னதற்கு இந்தத் தீர்ப்பையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். வர்ஜீனியாவில் இருக்கும் நேயர்கள் அடுத்த முறை இப்படி ஓர் அறிவிப்பைக் கண்டால், அதில் அனுமதி எண்ணும் முடிவுத் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கவுண்டி அலுவலகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.