இரண்டாவது ஊசி யாருக்காக?

வணக்கம், நண்பர்களே. மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று பேசத்தான் அழைத்தீர்கள். கொல்லும் முறையிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1890-ல் நியூயார்க் மாநிலம் மின்சார நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கியது. தூக்கைவிட இது வலியில்லாதது என்றார்கள். முதலில் அதில் உட்கார வைக்கப்பட்டவர் வில்லியம் கெம்லர். மின்சாரத்தைப் பாய்ச்சி, செத்துவிட்டார் என்று நிறுத்தினார்கள். அவருக்கு மூச்சு வந்துகொண்டிருந்தது. மறுபடி பாய்ச்சினார்கள்.

1982-ல் டெக்சாஸில் விஷ ஊசி வந்தது. இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் வழக்கத்தில் இருந்தது மூன்று மருந்து முறை. முதல் மருந்து மயக்கத்துக்கு. மூன்றாவது, பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்த. நடுவில் ஒன்று இருக்கிறதே, அது உடம்பின் தசைகளை முடக்குகிற மருந்து. மூச்சையும் அது நிறுத்தும், உண்மைதான். ஆனால் மயக்கம் சரியாக ஏறாமல் போனால் என்ன ஆகும்? மூன்றாவது மருந்து நரம்பெல்லாம் நெருப்பாய் எரியும். ஊசி போடப்பட்டவரால் கத்த முடியாது. விரலைக்கூட அசைக்க முடியாது. சாட்சியாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவர் நிம்மதியாகத் தூங்குவதாகத் தெரியும். அந்த நடு மருந்து பார்க்கிறவர்களுக்காகப் போடப்பட்டது என்றே நான் நினைக்கிறேன். நம் மனசு கலங்காமல் இருக்க ஒரு மனிதனின் வாயைக் கட்டுகிறோம்.

நம் நாட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. தூக்கு அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் சொன்னது. வலி குறைந்த வேறு வழி இருக்கிறதா என்று 2023-ல் மத்திய அரசிடம் விவரம் கேட்டது. நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார்கள். ஆனாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது. எப்படிக் கொல்வது என்று பேசிப் பேசியே, கொல்லலாமா என்ற கேள்வியை நாம் ஒத்திப்போட்டுக்கொண்டே போகிறோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக் கென்னத் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூலிக்காக ஒரு பெண்ணைக் கொன்ற 1988-ஆம் ஆண்டு வழக்கில் குற்றவாளி. கொடிய குற்றம், அந்தக் குடும்பத்தின் துயரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2022 நவம்பரில் அவரைக் கட்டிலில் கட்டி, நரம்பு கிடைக்காமல் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுச் சிறைக்கொட்டடிக்கே திருப்பி அனுப்பினார்கள். 2024 ஜனவரி 25 அன்று முகமூடி மாட்டி நைட்ரஜன் வாயு செலுத்தினார்கள். உலகத்திலேயே முதல் முறை. அவர் உடம்பு பல நிமிடம் துடித்ததைச் சாட்சிகள் பார்த்தார்கள்.

உலகமே அந்த வாயுவைப் பற்றிப் பேசியது. அதற்கு முந்தைய கதையைச் சிலர்தான் பேசினார்கள். அவர் வழக்கை விசாரித்த 12 ஜூரிகளில், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார வைக்கப்பட்ட சாதாரண மக்களில், 11 பேர் ஆயுள் தண்டனை போதும் என்றவர்கள். நீதிபதி ஒருவர் அதைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதித்தார். நீதிபதிகளுக்கு இருந்த அந்த அதிகாரத்தை அலபாமா 2017-ல் எடுத்துவிட்டது. ஆனால் பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாது என்றும் சேர்த்தே எழுதிவைத்தார்கள்.