டச்பே மணலில் குத்துக்கரணம்

வணக்கம் உறவுகளே. திருகோணமலை டச்பே கடற்கரையில் நிற்கிறேன், பின்னேரம் ஐந்து மணி. பின்னால் கேட்கிற சத்தம் பொடியன்களுடையது. அந்த நீலக் காற்சட்டைக்காரனைப் பாருங்கள். ஓடி வருகிறான், கையை ஊன்றுகிறான், கால் இரண்டும் மேலே போகிறது, சுழன்று வந்து குதிக்கால் மணலில் புதைய நிற்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதைப் பார்த்தால் எனக்கு பெர்லின் நினைவுதான் வரும். காரணம் இருக்கிறது.

ஜிம்னாஸ்டிக் என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அவர்களுடைய ஜிம்னாசியத்தில் ஓட்டமும் மல்யுத்தமும்கூட நடந்தன. இன்று நாம் பார்க்கும் விளையாட்டு உருவானது ஜெர்மனியில். 1811இல் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர், பெர்லினுக்கு வெளியே ஹாசென்ஹைட என்ற இடத்தில் ஒரு மைதானம் போட்டார். கூரை கிடையாது. ஏறக் கயிறு, தொங்கச் சட்டம், கீழே வெறும் மண். சமாந்தரச் சட்டங்களைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். நெப்போலியனிடம் தோற்றுப்போன நாட்டின் இளைஞர்களுக்கு உடம்பும் மனமும் தேற வேண்டும் என்று நினைத்தார்.

இளைஞர்கள் கூடினால் அரசியலும் பேசுவார்கள்தானே? 1819இல் யான் கைது செய்யப்பட்டார். அடுத்த வருடம் அந்தப் பயிற்சிக்கே தடை, 1842 வரைக்கும். அந்தக் காலத்தில்தான் இது திறந்தவெளியை விட்டு மண்டபத்துக்குள் போனது.

சுவீடனில் லிங் என்பவர் 1813இல் வேறு ஒரு வழியைத் தொடங்கினார். கருவி அதிகம் வேண்டாம், வரிசையாக நின்று கையை நீட்டி மடக்கினால் போதும். இல்ல விளையாட்டுப் போட்டியில் வெள்ளை உடுப்போடு உடற்பயிற்சிக் கண்காட்சி செய்தோமே, அதே சாயல்.

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கயிறு ஏறுவதுகூட ஜிம்னாஸ்டிக் போட்டிதான். எனக்கு மிகப் பிடித்தவர் ஜோர்ஜ் ஐசர். 1904இல் செயின்ட் லூயிஸில், ஒரு கால் மரக்கால், ஒரே நாளில் ஆறு பதக்கம், அதில் மூன்று தங்கம்! கயிறு ஏறியதிலும் தங்கம். பெண்களுக்கு 1928 வரைக்கும் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் இடமே கொடுக்கவில்லை. நம் நாட்டிலிருந்து ஜிம்னாஸ்டிக் வீராங்கனை மில்கா கெஹானி டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனதை நான் பார்த்தேன்.

நான் படித்த பாடசாலையிலும் தாண்டுகிற மரக்குதிரை ஒன்று இருந்தது. ஸ்டோர் அறையில், தோல் கிழிந்து தும்பு வெளியே தெரிய. ஒருநாளும் அதை வெளியே எடுக்கவில்லை. அந்தக் கவலை இன்னும் போகவில்லை. யானுடைய பிள்ளைகள் வெறும் மண்ணில்தான் தொடங்கினார்கள். நமக்கு இவ்வளவு மணல் இருக்கிறது. சொல்லிக் கொடுக்கத் தெரிந்த ஒருவர் கிழமைக்கு இரண்டு நாள் இங்கே வந்தால் போதும். திருமலையில் அப்படி யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன்.

சரி, அந்த நீலக் காற்சட்டைக்காரன் கேட்கிறான், “அண்ணா, இன்னொருக்கா அடிக்கட்டா?” அடி தம்பி, காய்ந்த மணல் பக்கம் வந்து அடி.