அம்பு குறி தவறவில்லை; பிறகு ஏன் காமன் எரிந்தான்?

[திரை இருட்டாக இருக்கிறது. தப்புப் பறையின் ஒலி மட்டும் கேட்கிறது.]

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் காமன் கூத்து. மாசி மாதம், பௌர்ணமி இரவு. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் உள்ள திடலில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். ஜிகினாக் கிரீடமும் கையில் வில்லுமாக மன்மதன் புறப்படுகிறான். சேலை கட்டி வேடம் புனைந்த ஆண் ஒருவர் ரதியாக நின்று அவனை மறிக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் அவன் சாம்பலாகிவிடுவான் என்பது அங்கே கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், நான் சிறுவனாக இருந்தபோது, பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வந்து முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர், "போகாதீங்க சாமி, போகாதீங்க" என்று வாய்விட்டுக் கதறியது இன்றும் என் காதில் இருக்கிறது. முடிவு தெரிந்த ஒரு கதைக்கு அவர் ஏன் அழுதார்? இந்தக் காணொளி முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

[தலைப்பு திரையில் வருகிறது.]

உயர்தரத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு அவல நாயகன் என்ற சொல் பழக்கமானதாக இருக்கும். அதன் இலக்கணத்தை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில் எழுதினார். முற்றிலும் நல்லவன் வீழ்ந்தால் நமக்கு அருவருப்பே தோன்றும், தீயவன் வீழ்ந்தால் இரக்கம் தோன்றாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒருவன், கொடுமையால் அல்லாமல் ஒரு பிழையால் வீழவேண்டும் என்பது அவருடைய கருத்து. நன்மைக்கென்று செய்த செயலே நேர் எதிராகத் திரும்புவதைப் பெரிபெட்டீயா என்றும், அறியாமை நீங்கி உண்மையை உணர்வதை அனாக்னோரிசிஸ் என்றும் அவர் அழைத்தார். சோபோகிளீசின் ஈடிப்பஸ் நாடகத்தில், மன்னனின் அச்சத்தைப் போக்குவதற்காகத் தூதன் சொல்லும் செய்தியே அவனை அழிக்கிறது. அரிஸ்டாட்டில் காட்டிய உதாரணமும் அதுதான்.

என்னை நாட்கணக்கில் பிடித்துவைத்த சொல் வேறு. அந்தப் "பிழை"க்கு அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல் ஹமார்த்தியா. அதன் வேர் வில்லும் வேலும் எறிவோரின் பேச்சில் இருக்கிறது. அதற்குக் குறி தவறுதல் என்று பொருள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நம்முடைய சிலப்பதிகாரத்துக்குள் போவோம்.

[காட்சி: சிலம்பு ஒன்று, மிக அருகில்.]

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்லன். ஊடல் கொண்ட தேவி தலைவலி என்று சொல்லி அவையை விட்டுப் போய்விட்டாள். அவளைத் தேற்றுவதற்காக, அமைச்சரை விட்டு நீங்கி, அவன் அந்தப்புரத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறான். அவள் வாயிலை அடையும் நேரத்தில்தான் பொற்கொல்லன் வந்து காலில் விழுந்து, தேவியின் சிலம்பைத் திருடிய கள்வன் என்று கண்ணகியின் கணவன் கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். மன்னனின் மனம் முழுவதும் வேறிடத்தில் இருக்கும்போது, காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் "கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு" என்று சொல்லிவிடுகிறான். அந்தக் கணத்தைப் பற்றி இளங்கோவடிகள் எழுதியிருப்பது "தேரான் ஆகி" என்ற இரண்டே சொற்கள். தேர்தல் என்றால் ஆராய்தல். அவன் ஆராயவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வழக்குரை காதைக்கு வாருங்கள். நீர் வழியும் கண்களோடு வந்து நிற்கும் கண்ணகியை யார் என்று மன்னன் கேட்கிறான். அவள் வாயிலிருந்து வரும் முதற்சொல் "தேரா மன்னா". கவிஞர் வாசகரிடம் மட்டும் மெல்லச் சொல்லி வைத்திருந்த அதே சொல்லை, அரசவையில் எல்லாரும் கேட்க அவள் அவன் முகத்துக்கு நேரே சொல்லுகிறாள். இரண்டு காதைகளுக்கு இடையே ஓடும் இந்த ஒற்றைச் சொல்லை நான் பல ஆண்டுகள் கவனிக்காமலே படித்து வந்தேன். கவனித்த நாளிலிருந்து, ஹமார்த்தியாவுக்குத் தமிழ் என்ன என்று யாராவது கேட்டால், தேராமை என்றே பதில் சொல்கிறேன். "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" என்ற 510ஆம் குறளும் அதற்குச் சாட்சி.

அடுத்து நடப்பதை மெதுவாகப் பாருங்கள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று மன்னன் வாதாடுகிறான். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. இந்த இடத்தில் மன்னன் அவளைத் துரத்தியிருக்கலாம். அவனோ, நீ சொன்னது நல்ல சொல், எம்முடைய சிலம்பில் இருப்பது முத்து என்று கூறி, சிலம்பைத் தானே வரவழைத்து அவள் முன் வைக்கிறான். தன் நீதியை நிறுவ அவன் வைத்த சான்றே அவனுக்கு எதிராகத் திரும்புகிறது. கண்ணகி உடைக்கிறாள், "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே". கொன்று கொணர்க என்று ஆணையிட்ட அதே வாய்! "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அவன் உயிர் விடுகிறான். தன்னை அறிந்ததும், நிலை தலைகீழானதும், மாண்டதும் சில அடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. ஈடிப்பஸ் தன் உண்மையை அறிய ஒரு நாடகம் முழுவதும் வேண்டியிருந்தது; பாண்டியனுக்கு ஒரு பரல் போதுமாக இருந்தது. இரண்டையும் படித்தவன் என்ற முறையில், எனக்கு இந்தக் காட்சியே பெரிது.

அந்தக் கண்ணகி நமக்குத் தொலைவில் இருப்பவளும் அல்லள். கண்டியின் பெரகரா விழாவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களின் ஊர்வலங்களுக்குப் பின் வரும் பத்தினி தேவாலய ஊர்வலம் அவளுக்குரியது.

[காட்சி: மீண்டும் திடல். தீப்பந்தம்.]

இனிக் காமனிடம் திரும்புவோம். பாண்டியன் குறி தவறியதால் வீழ்ந்தான். காமனின் மலர் அம்போ குறி தவறவே இல்லை; சிவனுடைய நெஞ்சில் சரியாகப் பட்டது, பட்டதனால்தான் நெற்றிக்கண் திறந்தது. தேவர்களின் காரியத்துக்காக அனுப்பப்பட்டுப் போனவன் அவன். வேலையைச் செவ்வையாகச் செய்தான், அதற்காகவே எரிந்தான். அனுப்பியவர்களில் ஒருவர் மேலும் ஒரு பொறிகூடப் படவில்லை.

அரிஸ்டாட்டிலிடம் இதைக் கொண்டுபோனால், பிழையற்றவன் வீழும் கதை அவலம் ஆகாது என்று ஒதுக்கியிருப்பார். இந்த இடத்தில் நான் அவரோடு உடன்படவில்லை. அந்தப் பாட்டியின் பக்கமே நிற்கிறேன். அவருடைய தலைமுறையினரின் கதையை எண்ணிப் பாருங்கள். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் என்று அழைத்துவரப்பட்டவர்களின் பிள்ளைகள், 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் செய்த பிழை என்ன? மலையைத் தோட்டமாக்கும்படி சொன்னார்கள், ஆக்கிக் கொடுத்தார்கள். அம்பு சரியாகத்தான் பட்டிருந்தது. "போகாதீங்க சாமி" என்று அவர் கதறியபோது, மன்மதனை மட்டும் பார்த்துக் கதறினார் என்று என்னால் நம்பமுடியவில்லை.

உங்கள் தோட்டத்தில் இன்றும் காமன் நடுகிறார்களானால், ரதி புலம்பலின் முதல் அடி எப்படித் தொடங்குகிறது என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். முடிந்தால் இந்த ஆண்டு அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து வையுங்கள். எங்கள் திடலில் அதைப் பாடியவரின் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. முதல் இரண்டு அடிகளுக்குமேல் எனக்கும் நினைவில் இல்லை.

[தப்பு ஒலி நிற்கிறது.]