ஸ்கேன் நார்மல், வலி மட்டும் போகல: ஆழமான எண்டோமெட்ரியோசிஸை எப்படித் தேடுறாங்க?

[திரையில்: ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரி, "நார்மல்"]

பீரியட்ஸ்ல தாங்க முடியாத வலி. மலம் கழிக்கும்போது குத்தல். உறவின்போது உள்ளுக்குள்ள ஆழமா வலி. ஆனா ரிப்போர்ட் நார்மல். அந்த ரிப்போர்ட் பொய் சொல்லல. கருப்பையையும் சினைப்பையையும் அளந்திருப்பாங்க, அது ரெண்டும் நல்லாத்தான் இருந்திருக்கும். நோய் இருக்கிற இடத்துல யாரும் தேடல, அவ்வளவுதான்.

[அனிமேஷன்: இடுப்புப் பகுதியின் பக்கவாட்டுத் தோற்றம்]

கருப்பையோட உள்பூச்சு மாதிரியான திசு வெளியே வளர்றதுதான் எண்டோமெட்ரியோசிஸ். வயித்தறையோட உள்சவ்வைத் தாண்டி 5 மில்லிமீட்டருக்கு மேல இறங்கிட்டா, அதை ஆழமானதுன்னு சொல்வாங்க. கருப்பைக்குப் பின்னால இருக்கிற தசைநார், மலக்குடல் சுவர், சிறுநீர்ப்பை இதெல்லாம் அதுக்குப் பிடிச்ச இடங்கள்.

வயித்து மேல ப்ரோப், அதாவது ஸ்கேன் எடுக்கிற கைக்கருவியை வெச்சுப் பார்த்தா இது பெரும்பாலும் சிக்காது. பிறப்புறுப்பு வழியா பார்க்கிற டிவிஎஸ் ஸ்கேன் வேணும். எந்தெந்த இடத்தை, எப்படிப் பார்க்கணும்னு 2016-ல ஐடியாங்கிற சர்வதேச நிபுணர் குழு ஒரு முறையை வகுத்துக் கொடுத்தாங்க. அதுல எனக்கு முக்கியமா படுறது, அசைவைப் பார்க்கிற கட்டம்.

[திரையில்: ஸ்கேன் வீடியோ, மெதுவான வேகத்தில்]

ப்ரோபால கருப்பை வாயை மெதுவா தள்ளுறாங்க. பின்னாடி இருக்கிற மலக்குடலைக் கவனிங்க. கருப்பை வாய்க்குப் பின்னால அது தனியா வழுக்கிட்டுப் போகுது. அப்புறம் இன்னொரு கையால அடிவயித்தை அழுத்தி, கருப்பையோட மேல்பகுதிக்கும் இதையே பார்க்கிறாங்க. இது வழுக்கினா ரிப்போர்ட்ல "ஸ்லைடிங் சைன் பாசிட்டிவ்"னு போடுவாங்க. பயப்படாதீங்க, இங்க பாசிட்டிவ்னா நல்லது.

இப்போ அடுத்த வீடியோ. தள்ளினதும் கருப்பையும் குடலும் கோந்து போட்ட மாதிரி ஒண்ணாவே நகருது. உள்ள ஒட்டிப்போச்சு. ஸ்டில் போட்டோவுல இது தெரியவே தெரியாது.

தள்ளும்போதே "இங்க வலிக்குதா?"ன்னு கேட்பாங்க. வெட்கப்படாம சொல்லுங்க. வலிக்கிற இடத்துலதான் நின்னு தேடுவாங்க. குடல் சுவர்ல இந்தத் திசு முடிச்சா வளர்ந்திருந்தா, தசை அடுக்கு தடிச்சுக் கறுப்பா தெரியும். அதோட நீளம், ஆசனவாயிலிருந்து எவ்வளவு தூரம்னு குறிச்சுக்குவாங்க. ஆபரேஷனுக்குக் குடல் சர்ஜனும் வேணுமான்னு முடிவெடுக்க அது உதவும்.

கடைசியா ப்ரோபை வயித்து மேல வெச்சு ரெண்டு சிறுநீரகத்தையும் பார்க்கணும். முடிச்சு சிறுநீர்க்குழாயை நெருக்கினா, வலியே இல்லாம சிறுநீரகம் வீங்கிக் கெட்டுப்போகலாம். இதைப் பல இடத்துல விட்டுடுறாங்க.

[திரையில்: 2022]

வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்க்கிற லேப்ராஸ்கோபி பண்ணாத்தான் உறுதின்னு இருந்த நிலைமையும் மாறிடுச்சு. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே, 2022 வழிகாட்டுதல்ல, நோயைக் கண்டுபிடிக்க அதை இனி எல்லாருக்கும் முதல் அளவுகோலா வைக்க வேண்டாம்னு சொல்லிடுச்சு. அதே சமயம், சவ்வு மேல மெல்லிசா படர்ற வகை ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது. அதனால, ஸ்கேன்ல எதுவும் இல்லைன்னா நோயே இல்லைன்னு ஆகிடாது. டிவிஎஸ் பண்ண முடியாதவங்களுக்கு எம்ஆர்ஐ இருக்கு.

ஸ்கேனுக்குப் போகும்போது ரெண்டு விஷயம். சீட்டுல "எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம்"னு டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்க. யூரினை மொத்தமா போயிட்டு வராதீங்க, கொஞ்சம் இருந்தாத்தான் சிறுநீர்ப்பை சுவர்ல இருக்கிற முடிச்சு நல்லா தெரியும்.