பிள்ளைக்கு வந்தது சுளுக்கா, வளர்ச்சித் தட்டு முறிவா?

[திரையில்: ஒரு பையனோட மணிக்கட்டு எக்ஸ்ரே]

இந்த எக்ஸ்ரேல எலும்போட முனைகிட்ட குறுக்கால ஒரு கறுப்புக் கோடு தெரியுதுல்ல, அதப் பாத்து முறிவுன்னு பயந்துடாதீங்க, அதுதான் க்ரோத் பிளேட், அதாவது வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்புங்கிறதால எக்ஸ்ரேல இடைவெளி மாதிரி தெரியும். கை கால் நீளமா வளர்றது இங்க இருந்துதான், பொண்ணுங்களுக்கு சுமாரா 14 வயசுலயும் பசங்களுக்கு 16 வாக்குலயும் இது முழுசா எலும்பாகி மூடிக்கும்.

பெரியவங்க கால் மடங்கி விழுந்தா ஜவ்வு இழுபடும், சுளுக்கு. ஆனா வளர்ற பிள்ளைங்களுக்கு ஜவ்வுதான் ஸ்ட்ராங், பக்கத்துல இருக்கிற தட்டுதான் வீக், அதனால பல நேரம் முதல்ல போறது தட்டுதான். வீட்ல என்ன பண்றோம், சுளுக்குதான்னு சொல்லி எண்ணெய் போட்டு நீவி விடுறோம். தயவுசெஞ்சு வேண்டாங்க. எலும்பு முனையில விரல் வச்சு அழுத்துனா துடிக்குதா, வீங்கியிருக்கா, கால ஊன மாட்டேங்குதா, நேரா எலும்பு டாக்டர்கிட்ட போங்க. முதல் எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் வலிக்கிற இடத்த வச்சே சில சமயம் மாவுக்கட்டு போடுவாங்க, தேவையில்லாம போடுறாங்கன்னு நினைக்காதீங்க.

[திரையில்: அஞ்சு வகை முறிவு, படம்]

1963ல டொராண்டோல சால்டர், ஹாரிஸ்னு ரெண்டு டாக்டருங்க இத அஞ்சு வகையா பிரிச்சாங்க, இன்னைக்கும் அதுதான் ஓடுது. அதிகமா வர்றது ரெண்டாவது வகை, தட்டோட சேர்ந்து எலும்புல ஒரு சில்லும் பேந்து வரும், பெரும்பாலும் நல்லா கூடிடும். மூணும் நாலும் மூட்டுக்குள்ளயே விரிசல் விடும், இம்மி பிசகாம சேரணும், அதனால பல சமயம் ஆபரேஷன்தான். அஞ்சாவதுல தட்டே நசுங்கிடும், ஆரம்பத்துல தெரியாமலே போகலாம்.

வகைய விட எந்த இடம்ங்கிறதுதான் எனக்கு பெரிய கவலை. மணிக்கட்டுல உடைஞ்சா பெரும்பாலும் சரியாகிடும். முழங்காலுக்கு மேல, தொடை எலும்போட கீழ் முனையில உடைஞ்சா கதையே வேற, தொடை எலும்பு வளர்ச்சியில கிட்டத்தட்ட 70 சதவீதம் அந்த ஒரு தட்டுலதான், வருஷத்துக்கு சுமாரா ஒரு சென்டிமீட்டர், அங்க ரெண்டாவது வகையா இருந்தாலும் வளர்ச்சி நின்னுபோக வாய்ப்பு ஜாஸ்தி. 14 வயசுப் பையனுக்கு வளர கொஞ்சம்தான் பாக்கி, 8 வயசுன்னா கால் குட்டையாவோ கோணலாவோ ஆகிடலாம்.

ரெண்டு நாள் பாப்போம்னு தள்ளிப் போடாதீங்க, பிள்ளைங்க எலும்பு சீக்கிரம் கூடிடும், நகந்து போனத ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு இழுத்து வைக்கப் போனா அதுலயே தட்டு இன்னும் அடிபடும்.

கட்டு பிரிச்சதும் முடிஞ்சதுன்னும் விட்டுடாதீங்க, ஆறு மாசத்துலயும் ஒரு வருஷத்துலயும் திரும்ப எக்ஸ்ரே பாக்கச் சொன்னா கண்டிப்பா போங்க. தட்டுக்கு குறுக்கால எலும்புப் பாலம், அதாவது ரெண்டு பக்க எலும்பையும் ஒட்ட வச்சு வளர்ச்சிய தடுக்கிற எலும்பு, விழுந்திருக்கான்னு பாக்கத்தான் அது. சின்னதா இருந்தா அத எடுத்துட்டு திரும்ப ஒட்டாம இருக்க அந்த இடத்துல கொழுப்பு வைப்பாங்க, இல்லன்னா நல்லா இருக்கிற காலோட வளர்ச்சிய நிறுத்தி ரெண்டையும் சமமாக்குவாங்க, ரெண்டுமே வளர்ற வயசு பாக்கி இருந்தாதான் பண்ண முடியும்.