காற்றில் வீணாகும் நேரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் தேசிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்திற்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கட்டமைப்பில் தகவலைச் சுமந்து வரும் கண்ணாடி இழை நம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கைப்பேசி வரையிலான சில மீட்டர் தூரத்தைத் தகவல் காற்றில்தான் கடக்க வேண்டும். அந்தச் சில மீட்டரில் எவ்வளவு வீணாகிறது, ஏன் வீணாகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இந்தச் சிக்கல் புதியதன்று. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு அலோஹாநெட் என்ற கம்பியில்லா வலையமைப்பை இயக்கத் தொடங்கியது. அதில் ஒவ்வொரு முனையமும் தனக்குத் தேவையான கணத்தில் அனுப்பிவிடும். இரண்டு தகவல்கள் மோதினால் இரண்டும் பாழாகி, சற்று நேரம் கழித்து மீண்டும் அனுப்பப்படும். அம்முறையில் அலைவரிசையின் கொள்திறனில் அதிகபட்சம் 18 விழுக்காடே பயன்படும் என்று கணக்கு காட்டியது. நேரத்தைச் சம கூறுகளாக வகுத்து, ஒவ்வொரு கூறின் தொடக்கத்தில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று விதித்தபோது அது 37 விழுக்காடாக உயர்ந்தது.

இன்றைய வைஃபை அதைவிடப் பண்பட்டது. அனுப்புமுன் காற்று அமைதியாக உள்ளதா என்று கேட்கிறது. அமைதியாக இருந்தாலும் தற்செயலாகத் தேர்ந்த சிறு இடைவெளி ஒன்றைக் காத்திருந்து கழிக்கிறது. அனுப்பிய பின் மறுமுனையிலிருந்து ஒப்புதல் வராவிட்டால், காத்திருப்பின் எல்லையை இரட்டிப்பாக்கிக்கொண்டு மறுபடியும் முயல்கிறது. மோதலைத் தவிர்க்கும் இந்தப் பணிவுக்கு ஒரு விலை உண்டு. தகவல் பொட்டலங்கள் எனப்படும் சிறு துண்டுகளாகவே செல்கிறது. 1,500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை விநாடிக்கு 300 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 40 மைக்ரோ விநாடி போதும். ஆனால் அதற்கு முன் காத்திருப்பதற்கே சராசரியாக ஏறத்தாழ 100 மைக்ரோ விநாடி போய்விடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அந்த 40தான் 20 ஆகும். 100 அப்படியே இருக்கும். 2009இல் வெளிவந்த 802.11என் என்ற வைஃபை தரம் பல பொட்டலங்களை ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்ப வழி செய்ததற்கு இதுவே காரணம். ஒருமுறை காத்திருந்து, அதிகபட்சம் 64 பொட்டலங்களை அனுப்பி, அவற்றுக்கெல்லாம் ஒரே ஒப்புதலைப் பெறலாம். பழுதானவற்றை மட்டும் மறுபடியும் அனுப்பினால் போதும். வைஃபை வரலாற்றில் வீணடிப்பை இவ்வளவு குறைத்த மாற்றங்கள் மிகச் சிலவே என்பது என் கருத்து.

நம் அடுக்குமாடி வாழ்க்கைக்கே உரிய இழப்பு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் "நான் இங்கே இருக்கிறேன்" என்ற அறிவிப்பை விநாடிக்கு ஏறக்குறைய 10 முறை ஒலிபரப்புகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, அது பெரும்பாலும் விநாடிக்கு 1 மெகாபிட் என்ற மிகத் தாழ்ந்த வேகத்தில் செல்கிறது. 300 பைட் கொண்ட அறிவிப்பு ஒன்றுக்கு இரண்டரை மில்லி விநாடிக்கும் சற்று அதிகமாகும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு ஒன்றில் மேலும் கீழும் பக்கவாட்டிலுமாக இப்படிப்பட்ட இருபது வலையமைப்புகள் ஒரே தடத்தில், அதாவது அலைவரிசையின் ஒரே பகுதியில், கேட்குமானால், யாரும் எதையும் பார்க்காத நள்ளிரவிலும் காற்றின் நேரத்தில் ஏறத்தாழப் பாதி அறிவிப்புகளுக்கே செலவாகிவிடும். அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றே. ஆகவே ரவுட்டர் அமைப்பில் 1 மெகாபிட் வேகத்தை நீக்க இடமிருந்தால் நீக்கிவிடுவதும், இயன்ற கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும், விருந்தினருக்கென்று தொடங்கி மறந்துபோன கூடுதல் வலையமைப்புப் பெயர்களை அணைப்பதும் அண்டை வீட்டாருக்கும் சேர்த்துச் செய்யும் உதவியாகும்.

தாமதத்தின் பெரும்பகுதி காற்றில் கூட இல்லை, வரிசையில் இருக்கிறது. இழை வேகமாக ஆக, நெரிசல் காற்றின் வாயிலுக்கு இடம்பெயர்ந்து, பொட்டலங்கள் ரவுட்டரின் நினைவகத்தில் குவிகின்றன. புகலிட அறையின் தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பால் விநாடிக்கு 10 மெகாபிட் மட்டுமே பெறும் கைப்பேசிக்காக 1 மெகாபைட் வரிசை நின்றால், அதன் கடைசிப் பொட்டலம் 0.8 விநாடி காத்திருக்க வேண்டும். இவ்வளவு நேரம் பதில் வராததால், அனுப்பிய கணினி அது தொலைந்துவிட்டதாக எண்ணி, வரிசையில் பத்திரமாக நின்றுகொண்டிருக்கும் அதே தகவலை மறுபடியும் அனுப்பக்கூடும். தாமதம் வீண் பரிமாற்றத்தைப் பெற்றெடுக்கிறது. வீண் பரிமாற்றம் காற்றை அடைத்து மேலும் தாமதத்தைப் பெற்றெடுக்கிறது. இவ்விரண்டையும் தனித்தனி நோய்களாகப் பார்ப்பதால்தான் தவறான மருந்துகளை வாங்குகிறோம் என்று உறுதியாக நம்புகிறேன்.

கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் முன்வைத்த கோடெல் என்ற முறை வரிசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்பதையே பார்க்கிறது. அந்த நேரம் 100 மில்லி விநாடிக் காலம் முழுவதும் 5 மில்லி விநாடிக்குக் கீழே இறங்காவிட்டால், ஒரு பொட்டலத்தை வேண்டுமென்றே கைவிட்டு, அனுப்புபவரை நிதானிக்கச் செய்கிறது. பின்னர் இதையே ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை வகுத்து விரிவாக்கினார்கள். அப்போது பெரிய பதிவிறக்கம் ஒன்று நடக்கும்போதும் அம்மாவின் காணொளி அழைப்பு தடைபடுவதில்லை.

2023இல் சிங்கப்பூரில் வைஃபைக்குத் திறந்துவிடப்பட்ட 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கூடுதல் இடம் தருகிறது. வரிசையை அது தானாகச் சீராக்காது. புதிய ரவுட்டர் வாங்குமுன், வீட்டில் ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்கிக்கொண்டே மறுமொழி நேரத்தை (பிங்) அளந்து பாருங்கள். ஓய்வு நேரத்தில் 10 மில்லி விநாடியாக இருப்பது அப்போது சில நூறாக உயர்ந்தால், கடையில் கேட்க வேண்டியது அதிக வேகத்தை அன்று, வரிசையை மேலாண்மை செய்யும் வசதியை.